வாசகர் கேள்வி–பதில்: ஸ்பானிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது?

ஸ்பானிய மொழி பயிலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், வினைச்சொற்களை அசை பிரிப்பது பற்றியும் அழுத்தம் விழும் இடத்தைக் கண்டறிவது பற்றியும் வந்தவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஸ்பானியச் சொற்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அசைகளுக்கு இடையே சிறு கோடும், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ˈ என்னும் குறியும் இட்டிருக்கிறேன். குறில், நெடில் வேறுபாடு அம்மொழியில் பொருளை மாற்றுவதில்லை என்பதால் உயிர்கள் அனைத்தையும் குறிலாகவே எழுதியிருக்கிறேன். அவர்கள் சில உயிரெழுத்துகளின் தலைமேல் இடும் சாய்ந்த சிறு கோட்டைச் சாய்குறி என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, ‘நான் பாடுகிறேன்’ என்பதற்கும் ‘அவர் பாடினார்’ என்பதற்கும் ஸ்பானிய மொழியில் ஒரே எழுத்துகள்தாம் வருகின்றன. பாடப்பதிவை எத்தனை முறை கேட்டாலும் இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் ˈகன்-தொ, கன்-ˈதொ என்பவை. முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் அது தன்மை ஒருமை நிகழ்காலம். இரண்டாம் அசையில் விழுந்தால் படர்க்கை ஒருமை இறந்தகாலம். தமிழில் ‘பாடுகிறேன்’, ‘பாடினார்’ என்று இடைநிலையும் விகுதியும் தனித்தனி எழுத்துகளாக நின்று காலத்தையும் இடத்தையும் காட்டிவிடுகின்றன. ஸ்பானிய மொழியிலும் பெரும்பாலும் விகுதிகளே இவ்வேலையைச் செய்கின்றன என்றாலும், இத்தகைய இணைகளில் விகுதியின் எழுத்து ஒன்றாகவே அமைந்துவிடுவதால், யார் செய்தார், எப்போது செய்தார் என்ற இரண்டையும் அழுத்தம் ஒன்றே சுமக்கிறது. ஆகவே அழுத்தத்தைத் தவறவிடுபவர் ஒலிநயத்தை மட்டுமன்றி எழுவாயையும் காலத்தையும் சேர்த்தே தவறவிடுகிறார். மூன்று வடிவங்கள் எதிரெதிரே நிற்கும் இடமும் உண்டு: கன்-ˈத-ர என்பது ‘பாடினால்’ என்னும் நிபந்தனைத் தொடரில் வரும் வினை வடிவம், கன்-த-ˈர என்பது ‘பாடுவார்’, ˈகன்-த-ர என்பதோ வினையே அன்று, குடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்.

அழுத்தம் பெறும் அசை சற்று உரத்தும், பெரும்பாலும் சுருதி உயர்ந்தும், ஓரளவு நீண்டும் ஒலிக்கும். இந்த நீட்சிதான் தமிழ்ச் செவியை ஏமாற்றுகிறது. குறிலையும் நெடிலையும் கொண்டு ‘படு’, ‘பாடு’ என்று பொருள் பிரித்துப் பழகிய நாம், ஸ்பானியச் சொல்லிலும் நீளத்தையே தேடுகிறோம். கிடைக்காதபோது இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடுகிறோம். பேசும்போதும் அழுத்த அசையை முழு நெடிலாக்கி, மற்ற அசைகளை விழுங்கிவிடுகிறோம். ஸ்பானிய மொழியில் அழுத்தம் பெறாத அசையின் உயிரும் தன் ஒலியை இழக்காமல் தெளிவாக நிற்கும். எனவே பயிற்சியின்போது எல்லா அசைகளுக்கும் ஏறத்தாழ ஒரே கால அளவு கொடுத்து, ஓர் அசையில் மட்டும் குரலை உயர்த்திச் சொல்லிப் பாருங்கள். இரு வடிவங்களையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லாமல் கேட்டுக்கொண்டே மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அசை பிரிக்கும்போது ‘பேச’ என்னும் வினையை நான் அப்-லர் என்று பிரித்தேன், ஆசிரியர் அது தவறு என்றார். தமிழ் யாப்பின்படி ஒற்று முன்னெழுத்தோடுதானே சேரும்? (கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்)

பதில்: யாப்பிலக்கணம் அறிந்தவர்களுக்கே வரக்கூடிய ஐயம் இது. ‘அசை’ என்ற சொல்லை நாம் இங்கே கடன் வாங்கிப் பயன்படுத்தினாலும் யாப்பின் அசையும் ஸ்பானிய அசையும் ஒன்றல்ல. நிரையசையில் இரண்டு உயிர்கள் இடம்பெறலாம். ஸ்பானிய அசைக்கோ ஒரே ஓர் உயிர்மையம்தான் உண்டு. நம் அசையில் ஒற்று எப்போதும் முன்னெழுத்தைச் சார்ந்து நிற்கும். அங்கோ மெய்யெழுத்து முடிந்தவரை பின்வரும் உயிரோடு சேரவே விரும்பும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் மட்டும் இருந்தால் அது பின்னால் போய்விடும்: ‘உண்ண’ என்பது கொ-ˈமெர். இரண்டு மெய்கள் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரியும்: ‘பாட’ என்பது கன்-ˈதர்.

உங்கள் சொல்லில் இந்த இரண்டாம் விதி ஏன் செல்லவில்லை என்றால், ப், ப்-இன் மெல்லொலி (‘கம்பு’ என்பதில் பகரம் ஒலிப்பது போன்றது), க், க்-இன் மெல்லொலி, ஃப் ஆகியவற்றின் பின்னே ல் அல்லது ர் வந்தாலும், த் அல்லது அதன் மெல்லொலியின் பின்னே ர் வந்தாலும், அந்த இணையைப் பிரிக்கக் கூடாது. அவை சேர்ந்தே அடுத்த அசையைத் தொடங்கும். ஆகவே அ-ˈப்லர் என்பதே சரி. ‘வாங்க’ என்பது கொம்-ˈப்ரர். ‘நுழைய’ என்பது என்-ˈத்ரர். புள்ளி வைத்த எழுத்தில் ஓர் அசை தொடங்குவது நம் கண்ணுக்கு உறுத்தலாகத் தோன்றும் என்பதை அறிவேன். ஆனால் ‘உழைக்க’ என்னும் பொருளுள்ள த்ர-ப-ˈஹர் போன்ற சொற்கள் அவ்விணையிலேயே தொடங்குவதைப் பார்த்தால், ஒரு சொல்லைத் தொடங்கவல்ல இணை ஓர் அசையையும் தொடங்கவல்லது என்ற நியாயம் விளங்கும்.

மூன்று நான்கு மெய்கள் அடுத்தடுத்து வரும்போதும் இதே நியாயம்தான் வழிகாட்டும். கடைசியில் பிரியாத இணை இருந்தால் அதைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவற்றை முன்னே நிறுத்த வேண்டும்: ‘கட்ட’ என்பது கொன்ஸ்-ˈத்ருஇர். ‘எழுத’ என்பது எஸ்-க்ரி-ˈபிர் என்று பிரிவதையும் கவனியுங்கள். ஸகர மெய்யும் வேறொரு மெய்யும் சேர்ந்து ஸ்பானியச் சொல்லைத் தொடங்க முடியாது. அதனால்தான் லத்தீனில் ஸகரத்தோடு தொடங்கிய அந்தச் சொல் முன்னால் ஓர் எகரத்தைப் பெற்றது. ‘ஸ்கூல்’ என்பதை நம் ஊர்களில் ‘இஸ்கூல்’ என்று சொல்வதும் இதே தேவையால்தான். சகரத்தின் வல்லொலிக்கும் யகர ஒலிக்கும் றகர ஒலிக்கும் அவர்கள் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். எழுத்து இரண்டானாலும் ஒலி ஒன்றே என்பதால் அவையும் பிரியா. ‘ஓட’ என்பது கொ-ˈறெர்.

கேள்வி: அழுத்தம் எங்கே விழும் என்பதைச் சொல்லைப் பார்த்தவுடனே சொல்லிவிட முடியுமா, அல்லது ஒவ்வொரு வினையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? (திருச்சி வாசகி ஒருவர்)

பதில்: எழுதப்பட்ட வடிவம் கண்முன் இருந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். சாய்குறி இருந்தால் அழுத்தம் அங்கேதான். சாய்குறி இல்லாவிட்டால் சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அது உயிராகவோ, னகர மெய்யாகவோ, ஸகர மெய்யாகவோ இருந்தால் ஈற்றயல் அசையிலும், வேறு எந்த மெய்யாக இருந்தாலும் ஈற்றசையிலும் அழுத்தம் விழும். இதற்கு மாறாக அழுத்தம் பெறும் சொற்களுக்கே சாய்குறி இடுகிறார்கள். ஈற்றயலுக்கும் முன்னால் விழும் சொற்களுக்கு அதை எப்போதும் இட்டாக வேண்டும்.

இந்த விதி வினைச்சொற்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது வியப்புக்குரியது. அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் வினை வடிவங்கள் அனைத்தும் ரகர மெய்யில் முடிவதால், அவை அனைத்தும் ஈற்றசை அழுத்தம் பெறுகின்றன. இரண்டு உயிர்கள் மோதும் சில சொற்களைத் தவிர எதற்கும் சாய்குறி தேவைப்படுவதில்லை. எண், இடம் காட்டும் வடிவங்களோ ஏறக்குறைய எல்லாமே உயிரிலோ னகரத்திலோ ஸகரத்திலோ முடிகின்றன. படர்க்கைப் பன்மைக்கு னகரமும், முன்னிலைக்கும் தன்மைப் பன்மைக்கும் ஸகரமும் விகுதியின் இறுதியாக அமைகின்றன. எனவே ஈற்றயல் அழுத்தமே வினையின் இயல்பு என்று கொண்டு, அதிலிருந்து விலகும் இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

விலகல்களும் காலத்துக்குக் காலம் ஒழுங்காக வருகின்றன. எதிர்காலத்தில் தன்மைப் பன்மை தவிர மற்ற வடிவங்கள் எல்லாம் ஈற்றில் அழுத்தம் பெறும்: ‘பேசுவேன்’ என்பது அ-ப்ல-ˈரெ, ‘பேசுவோம்’ மட்டும் அ-ப்ல-ˈரெ-மொஸ். காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்த எதிர்காலம், ‘பாட’ என்னும் வடிவத்தோடு ‘உடையேன்’ என்னும் பொருளுள்ள லத்தீன் துணைவினை ஒட்டிப் பிறந்தது. அத்துணைவினையின் அழுத்தமே இன்றும் ஈற்றில் கேட்கிறது. முடிந்த செயலைச் சொல்லும் இறந்தகாலத்தில் ஒழுங்கான வினைகள் தன்மை ஒருமையிலும் படர்க்கை ஒருமையிலும் ஈற்றழுத்தம் பெறும்: அ-ˈப்லெ என்பது ‘பேசினேன்’, அ-ˈப்லொ என்பது ‘பேசினார்’. ஆனால் மிகுதியாக வழங்கும் ஒழுங்கற்ற வினைகள் பல, இதே காலத்தில் அழுத்தத்தைப் பகுதியிலேயே நிறுத்திக்கொள்கின்றன: ˈஇ-ஸொ என்பது ‘செய்தார்’, ˈது-பொ என்பது ‘அவரிடம் இருந்தது’. ஒழுங்கான வினைகளின் பழக்கத்தில் இவற்றையும் ஈற்றில் அழுத்துவது மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. இவற்றுக்குச் சாய்குறி இல்லை என்பதை ஒரு கணம் கவனித்தாலே அதைத் தவிர்க்கலாம். வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே உயிரில் நிற்கும்: அ-ˈப்ல-ப, அ-ˈப்ல-ப-மொஸ். பின்னதில் ஓர் அசை கூடிவிட்டதால் அழுத்தம் ஈற்றயலைத் தாண்டி முன்னே போய்விட, சாய்குறி வருகிறது.

கேள்வி: உயிர்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் எப்போது ஓர் அசை, எப்போது இரண்டு அசை? என் குழப்பம் எல்லாம் இங்கேதான். (சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது, இப்பாடத்தின் கடினமான பகுதியும் இதுவே. அ, எ, ஒ மூன்றையும் வலிய உயிர்கள் என்றும், இ, உ இரண்டையும் மெலிய உயிர்கள் என்றும் கொள்ளுங்கள். வலிய உயிர்கள் இரண்டு சந்தித்தால் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்காமல் தனித்தனி அசையாக நிற்கும்: ‘படிக்க’ என்பது லெ-ˈஎர், ‘படிக்கிறேன்’ என்பது ˈலெ-ஒ, ‘விழ’ என்பது க-ˈஎர். வலியதும் அழுத்தமற்ற மெலியதும் சந்தித்தால் இரண்டும் இணைந்து ஓரசையாகும்: ‘விழுகிறேன்’ என்பது ˈகஇ-கொ. மெலிய உயிரே அழுத்தம் பெற்றுவிட்டால் அது இணைய மறுத்துத் தனி அசையாகும். அப்போது பொதுவிதி எப்படியிருந்தாலும் அதன் மேல் சாய்குறி கட்டாயம்: ‘விழுந்துகொண்டிருந்தார்’ என்பது க-ˈஇ-அ, ‘கேட்க’ என்பது ஒ-ˈஇர். ரகரத்தில் முடியும் சொல்லாக இருந்தும் பின்னதற்குச் சாய்குறி இடுவது இதனால்தான்.

மெலிய உயிர்கள் இரண்டும் தமக்குள் சந்தித்தால் எழுத்திலக்கணம் அதை எப்போதும் ஓரசையாகவே கணக்கிடுகிறது. ‘கேட்கப்பட்ட’ என்னும் ஒ-ˈஇ-தொ சாய்குறி பெறுகையில், ‘கட்டப்பட்ட’ என்னும் கொன்ஸ்-ˈத்ருஇ-தொ அதைப் பெறாததன் காரணம் இதுவே. இந்த இணையை அருகருகே எழுதிப் பாருங்கள்; மாணவர்கள் இரண்டாவதற்கும் சாய்குறி போட்டு மதிப்பெண் இழப்பது வழக்கம். நடுவே ஒலிக்காத ஹகர எழுத்து நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ‘தடை செய்கிறேன்’ என்பதை ப்ரொ-ˈஇ-பொ என்று பிரித்து இகரத்துக்குச் சாய்குறி இட வேண்டும்.

இனி, விதியே இல்லாத ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். ‘மாற்ற’ என்னும் கம்-ˈப்யர், ‘நம்ப’ என்னும் கொன்-ˈஃப்யர் ஆகிய இரண்டும் ஒரே முடிவுடையவை. ஆனால் ‘மாற்றுகிறேன்’ என்பது ˈகம்-ப்யொ என்று இரண்டு அசையாகவும், ‘நம்புகிறேன்’ என்பது கொன்-ˈஃபி-ஒ என்று மூன்று அசையாகவும் வரும். எந்த வினை எந்த வகை என்பதை வினைமூல வடிவம் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகையால் இவ்வகை வினைகளைக் கற்கும்போது தன்மை ஒருமை வடிவத்தையும் உடன் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உகரத்தில் வருவனவற்றுள் நிலைமை சற்று எளிது: அக்-ˈத்வர் என்னும் ‘செயல்பட’ என்பது அக்-ˈது-ஒ என்று பிரியும், உகரத்துக்கு முன்னே ககரத்தின் மெல்லொலி நிற்கும் அ-பெ-ரி-ˈக்வர் (‘விசாரித்தறிய’) போன்றவை அ-பெ-ˈரி-க்வொ என்று இணைந்தே நிற்கும்.

கேள்வி: பகுதியில் உள்ள உயிர் சில வடிவங்களில் மாறி, சிலவற்றில் மாறாமல் இருக்கிறதே, அதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா? (புதுச்சேரி வாசகி ஒருவர்)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. ‘எண்ண’ அல்லது ‘கதை சொல்ல’ என்னும் பொருளுடைய கொன்-ˈதர் என்ற வினையின் நிகழ்காலத்தைப் பாருங்கள். தன்மை ஒருமையில் ˈக்வென்-தொ. தன்மைப் பன்மையில் கொன்-ˈத-மொஸ். ‘இழக்க’ என்னும் பெர்-ˈதெர் அவ்வாறே ˈப்யெர்-தொ என்றும் பெர்-ˈதெ-மொஸ் என்றும் வரும். லத்தீனில் குறிலாக இருந்த எகரமும் ஒகரமும், அழுத்தம் பெற்ற அசைகளில் யெ, வெ என்று விரிந்தன. அழுத்தம் பெறாத அசைகளில் பழையபடியே நின்றன. அவ்வகைப் பகுதியைக் கொண்ட வினைகளில் மாற்றம் எங்கே வரும் என்பதை அழுத்தமே சொல்லிவிடும். பாடநூல்கள் ஒருமை மூன்றையும் படர்க்கைப் பன்மையையும் கட்டம் கட்டிக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அதைவிட இக்காரணத்தைப் புரிந்துகொள்வதே மேல்.

இதற்கு உயிருள்ள சான்று அர்ஜென்டினாவில் கிடைக்கிறது. அங்கும் உருகுவே, பராகுவே, நடு அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களிலும் ‘நீ’ என்பதற்கு ஸ்பெயினில் வழங்கும் ‘து’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘பொஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ‘து’ என்பதோடு ˈக்வென்-தஸ் என்று வரும் வினை, அர்ஜென்டினரின் ‘பொஸ்’ என்பதோடு கொன்-ˈதஸ் என்று வருகிறது. அழுத்தம் பகுதியை விட்டு விகுதிக்கு நகர்ந்ததும் ‘க்வெ’ மறைந்து ‘கொ’ திரும்பிவிட்டது. எழுதும்போது ஈற்றில் சாய்குறி இட மறக்கக் கூடாது.

கேள்வி: வினையின் பின்னால் ‘அதை’, ‘எனக்கு’ போன்ற சொற்களை ஒட்டி எழுதும்போது அழுத்தம் இடம் மாறுமா? (நாகர்கோவில் வாசகர் ஒருவர்)

பதில்: மாறாது. ஒட்டும் சொற்களுக்குத் தமக்கென அழுத்தம் இல்லை. வினை தன் அழுத்தத்தைத் தன் இடத்திலேயே வைத்துக்கொள்ளும். அசைகள் கூடுவதால் சாய்குறி மட்டும் புதிதாக வரும். ‘வாங்கு’ என்னும் ˈகொம்-ப்ர சாய்குறியற்றது. ‘அதை வாங்கு’ என்னும் ˈகொம்-ப்ர-லொ சாய்குறி பெறும். ‘கொடு’ என்பதற்குரிய வினைமூலத்தோடு ‘எனக்கு’ சேர்ந்த ˈதர்-மெ என்பதற்குத் தேவையில்லை. ‘அதை’யும் சேர்ந்து ˈதர்-மெ-லொ ஆனதும் தேவைப்படும். ‘அதை அவரிடம் சொல்லி’ என்னும் தி-ˈஸ்யென்-தொ-ஸெ-லொ போன்ற வடிவங்களில் அழுத்தம் ஈற்றிலிருந்து நான்காம் அசைக்கே போய்விடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன அர்ஜென்டின வழக்கில் ‘வாங்கு’ என்பதே கொம்-ˈப்ர என்று ஈற்றழுத்தமும் சாய்குறியும் பெற்றது. ‘அதை வாங்கு’ என்று கொம்-ˈப்ர-லொ ஆகும்போது அழுத்தம் ஈற்றயலாகிவிடுவதால் அந்தச் சாய்குறி நீங்கிவிடும்.

கேள்வி: நூலகத்தில் எடுத்த பழைய ஸ்பானிய நூலில் ‘போனார்’, ‘கொடுத்தார்’, ‘பார்த்தார்’ ஆகிய சொற்களுக்குச் சாய்குறி இருக்கிறது, என் பாடநூலில் இல்லை. எது சரி? (தஞ்சாவூர் வாசகர் ஒருவர்)

பதில்: இரண்டும் தத்தம் காலத்தில் சரியே. அச்சொற்கள் முறையே ஃப்வெ, த்யொ, ப்யொ என்று ஒலிக்கும் ஓரசைச் சொற்கள். மத்ரித் நகரில் 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் 1952-இல் புதிய எழுத்துமுறை விதிகளை வெளியிட்டது. அவை 1959-இல் நடைமுறைக்கு வந்தபோது இச்சொற்களின் சாய்குறி நீக்கப்பட்டது. ஓரசைச் சொல்லில் அழுத்தம் விழ வேறு இடமே இல்லை என்பதால் குறியும் வேண்டியதில்லை என்பது நியாயம். வேறொரு சொல்லோடு மயங்கக்கூடிய சில ஓரசைச் சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு: ‘அறிவேன்’ என்னும் ஸெ, ‘கொடுக்கட்டும்’ என்னும் தெ ஆகியவை இன்றும் சாய்குறியோடுதான் எழுதப்படுகின்றன.

1959-க்குப் பிறகும் ஒரு சிறு குழு தீர்வு காணாமல் நின்றது. ‘சிரித்தார்’ என்பதை மெக்சிகோவில் பலர் ற்யொ என்று ஓரசையாகவும், ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் பலர் றி-ˈஒ என்று இரண்டு அசையாகவும் ஒலிக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டின் விதிநூல், இரண்டு அசையாக ஒலிப்பவர்கள் சாய்குறி இட்டுக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. 2010-இல் அரச கழகமும் பிற நாட்டு ஸ்பானிய மொழிக்கழகங்களும் சேர்ந்து வெளியிட்ட விதிநூல் அந்த விருப்பத்தை நீக்கி, யார் எப்படி ஒலித்தாலும் எழுத்தில் இவை ஓரசையே, சாய்குறி கூடாது என்று முடிவு செய்தது. பல நாடுகளில் வழங்கும் மொழிக்கு எழுத்து ஒன்றாக இருப்பது நல்லது என்பதால் இம்முடிவை நான் ஏற்கிறேன். இரண்டு அசையாக ஒலிப்பவர்களின் மனக்குறையும் எனக்குப் புரிகிறது. ஆகவே இன்று ‘சிரிக்கிறேன்’ என்னும் ˈறி-ஒ இகரத்தின் மேல் சாய்குறி பெறும். ‘சிரித்தார்’ என்பது குறியின்றி நிற்கும். ‘புன்னகைத்தார்’ என்னும் ஸொன்-ˈற்யொ மட்டும், அசை இரண்டாகி ஈற்றில் அழுத்தம் விழுவதால், தன் சாய்குறியை இழக்கவில்லை.